பூனை படுத்த இடம்

பெட்ரோல் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊருக்கே தெரியும். இருமும், நடுங்கும், புகை விடும், நடுரோட்டில் நின்று நம் மானத்தை வாங்கும். மின்சாரக் கார் அப்படியில்லை. கடைசி நிமிஷம் வரை வாயைத் திறக்காது. மின்சாரக் கார் மெக்கானிக்காக வேலைக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அந்த அமைதியின் மேல் பயம். பயம் என்று சொன்னால் சர்வீஸ் சென்டரில் கிண்டல் செய்வார்கள் என்பதால் கோபம் என்று மாற்றி வைத்துக்கொண்டேன். கோபம் எனக்குச் சுலபமாக வரும்.

அந்தக் கோபத்துக்காக வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. மாமா என்னை 'இன்ஸ்பெக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். மாமா என்றால் என் கணவரின் அப்பா. பெட்ரோல் டேங்கர் லாரி ஓட்டியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின்பும் விடிந்ததும் வாசலுக்குப் போய் எந்த வண்டி நிற்கிறதோ அதன் பானெட்டைத் திறந்து பார்த்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

நாங்கள் மின்சாரக் கார் வாங்கிய அன்று அவர் பானெட்டைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

"என்னடா இது, உள்ள ஒண்ணுமே இல்ல?"

"அவ்வளவுதான்ப்பா" என்றார் என் கணவர்.

"ஆயில் பார்க்க வேணாமா?"

"ஆயிலே கிடையாது."

"பெல்ட்டு?"

"அதுவும் கிடையாது."

"அப்ப நான் எதுக்குடா இருக்கேன்?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பெரிய மனுஷன் முகம் வாடிப்போனது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியின் நீல மூடியைக் காட்டி, "மாமா, இது உங்க பொறுப்பு. இதுல மட்டும் நீங்க தண்ணி ஊத்தலாம். வேற எதையும் தொடக்கூடாது" என்றேன். குழந்தை கையில் ஒரு கரண்டி மாவைக் கொடுத்து உட்கார வைப்போமே, அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது பானெட் திறந்திருக்கும், அதற்குப் பின்னால் மாமாவின் முதுகு தெரியும், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். 'ஒரு வழியாக மனுஷனுக்கு ஒரு வேலை கிடைத்தது' என்று நானும் நிம்மதியாக பஸ் ஏறிவிடுவேன்.

எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். கார் நிறுத்தும் கொட்டகையும் மாமாவின் அறையும் ஒட்டினாற்போல இருக்கும். நடுவில் ஒரே ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல். படுத்துக்கொண்டே வண்டியைப் பார்க்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்து வைக்கச் சொன்ன ஜன்னல் அது. மத்தியானம் என் மகள் வாண்டு தூங்குவது அந்த ஜன்னலுக்குக் கீழேதான். அத்தை காலமான பிறகு நாங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்பவர் மாமாதான். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அவள் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும்.

காருக்கு வருடாந்திரச் செக்கப் தள்ளிக்கொண்டே போனது. நான் கேட்கும்போதெல்லாம் என் கணவர், "வீட்லயே டாக்டரை வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?" என்பார். "லிஃப்டுல ஏத்தி அடியில பார்க்காம நான் எப்படிச் சொல்றது?" என்று நானும் கத்துவேன். ஊருக்குப் போவதற்கு முன் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். விடாமலே ரயில் ஏறிவிட்டார். வண்டி கொட்டகையில் நின்றது. அப்போது பிடித்த மழை விடவேயில்லை. தெருவெல்லாம் சில்லென்று ஊறிக் கிடந்தது.

அன்று சென்டரில் ஒரு காரின் பேட்டரிப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் ரப்பர் கையுறையைச் சோதிக்க வேண்டும். அதன் வாயைச் சுருட்டிப் பிடித்து, உள்ளே அடைபட்ட காற்றை அழுத்திக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். உஸ் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் அந்தக் கையுறை குப்பைக்குப் போகும். அடுத்து, எனக்குப் பின்னால் ஃபோர்மேன் ஒரு நீளமான கொக்கிக் கம்போடு நிற்பார். எனக்கு ஷாக் அடித்தால் கையால் தொடாமல் என்னை இழுத்துப்போட அந்தக் கம்பு. "உன்னை மீன் மாதிரி தூக்கிடுவேன், கவலைப்படாதே" என்பது அவருடைய தினசரி ஜோக். தினமும் சிரிப்பேன், தினமும் கம்பு எட்டுமா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

கையுறையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது மேஜை மேல் என் ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. "வீடுன்னு போட்டிருக்கு. பேசிட்டு வா, கம்பு எங்கயும் போகாது" என்றார் ஃபோர்மேன்.

"இன்ஸ்பெக்டரம்மா, வேலையா இருக்கியா?"

"ஆமா மாமா. வாண்டு சாப்பிட்டாளா?"

"எங்க சாப்பிட்டா? வீட்டுக்குள்ள வந்தாத்தானே. வண்டிக்கு அடியில பூனை படுத்திருக்கு. காலையிலேர்ந்து தரையில உக்காந்து அதுகூடத்தான் பேச்சு. இப்பதான் தூக்கிட்டு வந்து ரெண்டு வாய் ஊட்டிப் படுக்க வச்சேன். தூங்கிட்டா. மருந்து எத்தனை மணிக்குன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"எழுந்ததும் குடுங்க போதும். எந்தப் பூனை?"

"எதிர்வீட்டு டீச்சரோடதுதான். ரெண்டு மூணு நாளா இங்கயேதான் கிடக்கு. விரட்டினாலும் திரும்ப வந்து அதே இடத்துல சுருண்டுக்குது. மழைக்குக் கதகதப்பா இருக்குல்ல, அதான்."

சிரித்துக்கொண்டே ஃபோனை வைக்கப் போனேன். கதகதப்பு என்ற அந்த வார்த்தையில் என் கை நின்றுவிட்டது.

"எது கதகதப்பா இருக்கு மாமா?"

"வண்டிக்கு அடிதான். வண்டின்னா சூடு இருக்காதா? என் லாரிக்கு அடியில ஊர்ப் பூனை பூரா படுத்திருக்கும்."

"உங்க லாரி ஓடிட்டு வந்து நிக்கும் மாமா. இது ஓடவே இல்லையே. அவர் ஊருக்குப் போனதுலேர்ந்து யாரும் சாவியைத் தொடலையே?"

"தொடல."

"சார்ஜ் போட்டீங்களா?"

"இல்லம்மா. அன்னிக்கே ஃபுல் ஆயிடுச்சுன்னு அவன் பிளக்கைக் கழட்டிட்டுதானே போனான்."

ஓடாத வண்டி. சார்ஜ் ஏறாத வண்டி. சில்லென்ற மழை. அதன் அடியில், அதுவும் ஒரே ஒரு இடத்தில் மட்டும், பூனை தேடிவந்து படுக்கும் அளவுக்குச் சூடு. ஃபோர்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பைச் சுவரில் சாய்த்தார்.

"மாமா, நீங்க வண்டியில என்னென்ன பண்ணீங்க? மறைக்காம சொல்லுங்க."

"என்ன, விசாரணையா? நான் என்னத்தைப் பண்ணேன்? தண்ணி ஊத்தினேன்."

"நீல மூடியிலதானே?"

"அதெல்லாம் சின்னப் பசங்க வேலைம்மா. கண்ணாடி கழுவுற தண்ணிக்கு ஒரு ஆளு தேவையா? பக்கத்துல பெரிய டப்பா ஒண்ணு இருக்குல்ல, கோடு போட்டது? அதைத்தான் பார்ப்பேன். போன மாசத்துலேர்ந்து அது குறைஞ்சுக்கிட்டே வருது. நான் விடுவேனா? தினமும் ஊத்தி, கோட்டுக்குக் கொண்டு வந்து நிறுத்திடுவேன். அதுவும் பைப் தண்ணி இல்ல, நாம குடிக்கிற வடிகட்டின தண்ணி."

குரலில் அவ்வளவு பெருமை. வண்டி கடைசியில் அவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறது, அவரும் ஒரு நாள் விடாமல் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பெரிய டப்பாவில் இருப்பது பேட்டரியைக் குளிர வைக்கும் திரவம். குழாய் வழியாகப் போய்ப் பேட்டரியின் அடித்தட்டைச் சுற்றிவிட்டு வரும். அது குறையவே கூடாது. குறைந்தால் வண்டி விளக்கைப் போட்டு, மணியடித்து, என்னைப் பார் என்று கத்தும். மாமா அதைக் கத்த விடவில்லை. அது வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு காலையிலும் அதன் வாயில் தண்ணீரை ஊற்றி அடைத்திருக்கிறார்.

"கீழே ஒழுகியிருக்கா மாமா? தரையில ஈரம் இருக்கா?"

"ஒரு சொட்டு இல்ல. அதனாலதானே பூனை படுக்குது."

ஒரு மாதத் தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். குழாய் எங்கோ விரிந்து, மூடி போட்டு இறுக்கிய பேட்டரிப் பெட்டிக்குள் போயிருக்கும். உள்ளே மின்சாரமும் தண்ணீரும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும். அந்தப் பெட்டிக்கும் என் மகள் தலைக்கும் நடுவில் ஒரு சுவர், ஒரு ஜன்னல்.

"வண்டி அடியில எங்கயாவது இடிச்சுதா?"

மறுமுனையில் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"மாமா!"

"தெருமுனையில போன மாசம் புதுசா ஒரு வேகத்தடை போட்டாங்களே, மலை மாதிரி... அதுல தட்டிட்டான். பெரிய சத்தம். குனிஞ்சு பார்த்தோம், ஒண்ணும் தெரியல. உங்கிட்ட சொல்ல வேணாம்னான். நீ கத்துவேன்னு..."

கத்துவேன்தான். அன்றைக்கே சொல்லியிருந்தால் வீடு இடிகிற மாதிரி கத்தியிருப்பேன். கத்திவிட்டு வண்டியை லிஃப்டில் ஏற்றியிருப்பேன். இப்போது கத்த நேரமில்லை.

"மாமா, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. குழந்தையைத் தூக்கிட்டு சமையலறைப் பின்கதவு வழியா வெளியே போயிடுங்க. வாசல் பக்கம் வராதீங்க. இப்பவே."

"ஏன், என்ன ஆச்சு?"

"அந்த பேட்டரி எந்த நேரமும் தீப்பிடிக்கும்."

"தீயா?" அவர் குரல் மாறியது. நான் எதிர்பார்த்த பக்கம் மாறவில்லை. "அப்ப வண்டியை உள்ள வச்சிருக்கக் கூடாதும்மா. குழந்தை இருக்கா, வீடு இருக்கு. நான் வெளிய எடுத்துத் தெருவுல நிறுத்திடுறேன். சாவி இங்கதான் மாட்டியிருக்கு."

"மாமா, வேணாம்!"

"ஒரு நிமிஷ வேலை."

"வண்டிகிட்டயே போகாதீங்க!"

"கத்தாதே. வண்டியை விட்டுட்டு ஓடுற டிரைவர் இல்ல நான்."

ஃபோனில் சாவிக்கொத்து குலுங்கியது. செருப்புச் சத்தம் கேட்டது. சிமெண்ட் தரையில் சரக், சரக் என்று வாசலை நோக்கிப் போகிற நிதானமான செருப்பு. நான் என்னென்னவோ கத்தினேன். கெஞ்சினேன், திட்டினேன், வாயில் வரக்கூடாத வார்த்தை கூட ஒன்று வந்தது. செருப்பு நிற்கவில்லை. கதவு திறக்கும் சத்தம் வந்தது.

"இன்ஸ்பெக்டரம்மா."

"மாமா?"

"பூனை எழுந்து ஓடுது."

ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"என்னமோ இனிப்பா ஒரு வாசனை அடிக்குது. பெயிண்டுக் கடை மாதிரி. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வேற கேக்குது, சக்கரத்துல காத்து இறங்குற மாதிரி."

நான் தினமும் கையுறையில் தேடும் சத்தம் அது. பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு கசியத் தொடங்கிவிட்டது. மருமகளாகவோ மெக்கானிக்காகவோ சொன்னால் இந்த மனுஷன் கேட்கமாட்டார் என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கியது. வேறு யாராவது சொல்ல வேண்டும். அவரே சொன்னால்தான் கேட்பார்.

"மாமா, உங்க டேங்கர் வால்வு கசியுது. உஸ்ஸுன்னு சத்தம் வருது, வாசனை வருது. ஸ்டார்ட் பண்ணி ஓரமா நிறுத்துவீங்களா?"

"பைத்தியமா? சாவியையே தொடமாட்டேன்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

சாவிக்கொத்து தரையில் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் செருப்பு இல்லாத வெறுங்காலின் ஓட்டம். அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. ஃபோனை எங்கோ போட்டுவிட்டார். தூக்கம் கலைந்த வாண்டு சிணுங்கியது தூரத்தில் கேட்டது. பின்கதவுத் தாழ்ப்பாள் எப்போதும் இறுகிக்கொள்ளும், ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும். அவர் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

கதவு திறந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. காலியான அறையை, அல்லது காலியாகாத அறையை, காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட் என்று ஒரு சத்தம். பிறகு பட் பட் பட் என்று வரிசையாக. கண்ணாடி உடைந்தது. அது மாமாவின் ஜன்னல். அதோடு லைன் போய்விட்டது.

ஃபோர்மேன் தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு வேனை எடுத்தார். வழியில் அவர் ஒரு ஜோக் கூடச் சொல்லவில்லை. தெரு திரும்பும் முன்பே புகை தெரிந்தது. சாதாரணப் புகை மாதிரி மேலே போகாமல், வெளுத்துக் கனத்து, மழைக்குள் தாழ்வாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வேகத்தடையில் வேன் ஏறி இறங்கியபோது அடியில் தட்டியது.

கார் முழுசாக எரிந்துகொண்டிருந்தது. கொட்டகைக் கூரை மடங்கி அதன் மேல் விழுந்திருந்தது. மாமாவின் அறைச் சுவர் கறுத்து, ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள் கட்டில் எரிவது தெரிந்தது. நான் உள்ளே ஓடினேன் என்கிறார்கள். ஃபோர்மேன் என்னைப் பிடித்து இழுத்திருக்கிறார். கம்பு இல்லாமலே.

"அங்க பாரு. அங்க பாரு" என்று என் தலையை மறுபக்கம் திருப்பினார்.

பின்பக்கமாகச் சுற்றி வந்து, எதிர்வீட்டு டீச்சரின் வாசற்படியில் மாமா உட்கார்ந்திருந்தார். மடியில் வாண்டு. அவள் காலில் ஒரு சாக்ஸ்தான் இருந்தது. அவர் காலில் அதுவும் இல்லை. தாழ்ப்பாளைத் தட்டித் தட்டி வலது கை முட்டியெல்லாம் தோல் போயிருந்தது. போய் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மாமனாரை அப்படியெல்லாம் கட்டிக்கொண்டதே இல்லை. அன்றைக்கு அது தோன்றவில்லை. ஓவென்று அழுதேன்.

"பூனை ஓடிப்போச்சும்மா" என்றாள் வாண்டு, ரொம்ப வருத்தமாக.

மாமா தீயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் அந்தத் தண்ணீர் பாட்டில் இருந்தது. குழந்தை எழுந்தால் கேட்பாள் என்று, தூக்கும்போது அதையும் சேர்த்து எடுத்து வந்திருக்கிறார்.

"என் தப்புதாம்மா" என்றார்.

"எது மாமா?"

"இன்னிக்குக் காலையில மழையா இருந்துதா, சோம்பேறித்தனம். தண்ணி பார்க்காம விட்டுட்டேன். ஒரே ஒரு நாள்தான். அதுக்குள்ள காய்ஞ்சு சூடாயிடுச்சு பாரு."

மனதில் பட்டதைச் சொல்லாமல் நான் விட்டதேயில்லை, கேட்டுப்பாருங்கள். ஆனால் இந்த மனுஷன் இப்போதுதான் என் பிள்ளையைத் தீயிலிருந்து தூக்கி வந்திருக்கிறார். ஒரு நாள் ஊற்றாதது தப்பு என்று நினைத்தே இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொரு வண்டி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இதை என்னோடு புதைத்துவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

டீச்சர் உள்ளேயிருந்து ஒரு போர்வையோடு வந்து குழந்தையைச் சுற்றினாள். மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர் போல முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அடடா, டீச்சர், உங்க வண்டிக்கும் இன்னிக்கு நான் பார்க்கலையே. இருங்க, இப்பவே ஊத்திடுறேன். உங்களுதும் கொஞ்ச நாளாக் குறையுது."

திரும்பிப் பார்த்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த படியை ஒட்டி டீச்சரின் வெள்ளை மின்சாரக் கார் நின்றது. அதே தெரு. அதே வேகத்தடை. அதன் பக்கவாட்டில் சாய்ந்தபடி வாண்டு போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காரின் அடியில், தரை காய்ந்திருந்த ஒரு இடத்தில், பூனை சுருண்டு படுத்திருந்தது.

"ஐ, இங்க இருக்கு!" என்றாள் வாண்டு.

அவளைப் போர்வையோடு வாரி எடுத்து ஃபோர்மேன் கையில் திணித்தேன். "எல்லாரையும் தெருக்கோடிக்குக் கூட்டிட்டுப் போங்க. தீயணைப்பு ஆளுங்ககிட்ட இந்த வண்டியையும் சொல்லுங்க" என்றேன். டீச்சர் கேள்வி கேட்காமல் நகர்ந்தாள். மாமா மட்டும் பானெட் பக்கம் ஒரு அடி வைத்தார்.

அவர் கையைப் பிடித்தேன். தெருக்கோடி வரை அவரை இழுத்துக்கொண்டே போனேன். அங்கே நின்றதும் சொன்னேன். அந்த டப்பா எதற்கு, தண்ணீர் எங்கே போனது, அது ஏன் சூடானது, எல்லாவற்றையும். கத்தாமல்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவர் முழுசாகக் கேட்டார்.

"அப்ப, தினமும் நான்தான்..." என்றார்.

"உங்களுக்குத் தெரியாது மாமா."

"குழந்தை அங்கதானே தூங்கும்" என்றார்.

ஃபோர்மேன் தோளிலிருந்து வாண்டு கையை நீட்டினாள். "தாத்தா, தண்ணி."

வழக்கமாக அவள் முழுசாகச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் மூடியைத் திறந்திருப்பார். இப்போது பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மறுபடியும் கேட்டாள்.

"நீ குடும்மா" என்று அதை என் கையில் கொடுத்துவிட்டு, மழையில் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.